‘ரேஞ்ச்’ என்ற சொல்லை வேரிலிருந்து பிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மலைத்தொடருக்கு ரேஞ்ச். துப்பாக்கி சுட்டுப் பழகும் திடலுக்கும் ரேஞ்ச். மாடுகள் மேயும் பரந்த புல்வெளியும், ஆங்கிலேயர் வீட்டுச் சமையலறையில் இருக்கும் பெரிய அடுப்பும் ரேஞ்ச்தான். பாடகரின் குரல் எட்டும் அளவு, மின்சாரக் கார் ஒரு சார்ஜில் ஓடும் தூரம், புள்ளியியலில் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்தால் கிடைப்பது, எக்செல்லில் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுக்கும் கட்டங்கள் என்று எல்லாவற்றுக்கும் இதே சொல். போதாக்குறைக்குத் தமிழிலும் ‘அவர் ரேஞ்சே வேற’ என்கிறோம்.

அகராதியில் இந்தச் சொல்லைத் தேடினால் பொருள்கள் எண்ணெண்ணாக நீண்டுகொண்டே போகும். அவற்றை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் ஐந்தாவதைத் தொடும்போது முதலாவது மறந்துவிடும். அதற்குத் தேவையும் இல்லை. இந்தப் பொருள்கள் தனித்தனியாக முளைத்தவை அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று, அரை அடி அரை அடியாக நகர்ந்து வந்தவை. எது எதிலிருந்து நகர்ந்தது என்று தெரிந்துகொண்டால், இதுவரை பார்க்காத வாக்கியத்தில் இந்தச் சொல் வந்தாலும் பொருள் பிடிபடும். அந்த வழியில்தான் இங்கே படிப்படியாகப் போகப் போகிறோம்.

படி 1: எந்த அகராதியை எதற்குத் திறப்பது

அகராதிகள் எல்லாம் பொருள்களை ஒரே ஒழுங்கில் அடுக்குவதில்லை. கற்பவர்களுக்கான அகராதிகள் (ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ், லாங்மேன், கேம்பிரிட்ஜ் போன்றவை) இன்று அதிகம் புழங்கும் பொருளை முதலில் தரும். ரேஞ்சுக்கு அங்கே முதலில் நிற்பது ‘பலவகை’ என்ற பொருளாக இருக்கும். 1884-ல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928-ல் முடிந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி வேறு வழியில் போகும். எந்தப் பொருள் எழுத்தில் முதலில் பதிவானதோ அதற்கு முதலிடம். மெரியம்-வெப்ஸ்டரும் ஏறக்குறைய இப்படித்தான்.

இது தெரியாமல் மெரியம்-வெப்ஸ்டரின் முதல் பொருளை ‘முக்கியமான பொருள்’ என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அது மூத்த பொருள், அவ்வளவுதான். அவசரத்துக்குப் பொருள் பார்க்க முதல் வகை அகராதி போதும். சொல்லைப் புரிந்துகொள்ள இரண்டாம் வகை வேண்டும்.

படி 2: வேரைப் பிடியுங்கள். வட்டம், அப்புறம் வரிசை

பழைய ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ்ரிங்’ என்று ஒரு சொல் இருந்தது. வட்டம், வளையம் என்று பொருள். பழைய ஆங்கிலத்திலும் அதே சொல் இருந்தது. முன்னால் இருந்த ‘ஹ்’ உதிர்ந்து இன்றைய ‘ரிங்’ ஆனது. விரலில் போடும் மோதிரம் அதுதான்.

ஃபிராங்க்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார், இன்று பிரான்ஸ் எனப்படும் நிலத்தை ஆளத் தொடங்கியபோது இந்தச் சொல்லையும் கொண்டுபோனார்கள். அங்கே அது பழைய பிரெஞ்சில் ‘ரெங்க்’ என்று மாறியது. பொருளும் மாறியது: வட்டம் போய் வரிசை வந்தது. வட்டம் எப்படி வரிசை ஆகும்? சபை கூடும்போதோ படை கூடும்போதோ ஆட்கள் வளைந்து நிற்பார்கள். வளைவாக நிற்பவர்களைக் குறித்த சொல், நாளடைவில் அணிவகுத்து நிற்பவர்களைக் குறிக்கும் சொல்லாயிற்று என்று சொல்லாய்வாளர்கள் விளக்குகிறார்கள். வளைவு நிமிர்ந்துவிட்டது; ஆட்கள் நிற்பது மட்டும் தங்கிவிட்டது.

இந்த ‘ரெங்க்’கிலிருந்து ‘ரெங்கியே’ என்ற வினை பிறந்தது. வரிசையில் வை, அணிவகு என்று பொருள். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் வந்தன. இதுவும் அந்தக் கூட்டத்தில் வந்தது. கிட்டத்தட்ட 1200-ஐ ஒட்டி எழுத்தில் காணக் கிடைக்கிறது. ஆக, ஆங்கிலத்துக்குள் ஒரே வேர் இரண்டு முறை நுழைந்திருக்கிறது. பிறப்பிலேயே கூட இருந்தது ரிங், பிரான்ஸ் சுற்றி வந்தது ரேஞ்ச்.

இந்தப் படியில் மனத்தில் பதிய வேண்டிய படம் ஒன்றே ஒன்று: வரிசையாக நிற்கும் ஆட்கள். இனிமேல் வருவதெல்லாம் இந்தப் படத்தின் வளர்ச்சி.

படி 3: ‘வரிசை’ இன்னும் உயிரோடு இருக்கும் இடங்கள்

மலைத்தொடர் என்பது மலைகளின் வரிசை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ரேஞ்ச் இந்தப் பொருளில் புழங்குகிறது. இங்கே விளக்கவே ஒன்றுமில்லை, படம் அப்படியே இருக்கிறது.

கடைகளில் சொல்லும் ‘புது ரேஞ்ச்’ கொஞ்சம் சுவையானது. ஒரு நிறுவனம் ஒரே குடும்பமாக வெளியிடும் பொருள்களை பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ரேஞ்ச் என்பார்கள். அமெரிக்கர்கள் இதையே பெரும்பாலும் ‘லைன்’ என்பார்கள். சொல் வேறு, படம் ஒன்று. இரண்டுமே வரிசை. ‘வைட் ரேஞ்ச் ஆஃப்’ என்று தொடங்கி ‘பலவகை’ என்ற பொருளில் வருவதும் இங்கிருந்துதான். வகைகளை வரிசையாக வைத்துக் காட்டுகிறார்கள்.

கடலில் இந்தப் பழைய பொருள் அழகாகத் தங்கியிருக்கிறது. துறைமுக வாயிலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விளக்குகளை வைப்பார்கள். முன் விளக்கு தாழ்வாக இருக்கும், பின் விளக்கு உயரமாக இருக்கும். கப்பலிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோட்டில் தெரிந்தால், கப்பல் ஆழமான கால்வாயின் நடுவில் சரியாகப் போகிறது என்று பொருள். கீழ் விளக்கு ஒரு பக்கம் விலகித் தெரிந்தால் சுக்கானைத் திருப்ப வேண்டும். அமெரிக்க மாலுமிகள் இவற்றை ரேஞ்ச் லைட்ஸ் என்கிறார்கள். எவ்வளவு தூரம் ஒளி போகும் என்பதால் வந்த பெயர் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இங்கே ரேஞ்ச் என்றால் ஒரே வரிசையில் நிற்பது.

சமையலறை ரேஞ்ச் 15-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. கணப்புக்குள் கட்டி, ஒரே நெருப்பில் பல பாத்திரங்களை அருகருகே ஏற்றும் அமைப்பு அது. ‘ரேஞ்ச் ஹுட்’ என்று புகைபோக்கிக்குச் சொல்வது இந்த அடுப்பை வைத்துத்தான், வேறு எதுவும் இல்லை.

படி 4: வரிசை நடக்கத் தொடங்குகிறது

இந்தச் சொல்லின் வரலாற்றில் பெரிய திருப்பம் இதுதான் என்பேன். மற்றப் பொருள்களில் பாதிக்கு மேல் இதன் வயிற்றில் பிறந்தவை.

வேட்டைக்காரர்கள் ஒரு காட்டில் விலங்கைக் கிளப்ப வேண்டுமானால் இடைவெளி விட்டு வரிசையாக நின்று, அப்படியே முன்னேறுவார்கள். வரிசை நகர்கிறது, நகர்ந்த இடமெல்லாம் அலசப்படுகிறது. இப்படி ‘வரிசையாக நில்’ என்ற வினைக்கு ‘ஒரு பரப்பை அலைந்து தேடு’ என்ற பொருள் கூடியது. பிறகு தேடலும் கழன்று ‘அங்குமிங்கும் சுற்று’ என்று நின்றது. வேட்டை நாய்கள் காட்டில் ரேஞ்ச் செய்தன. மந்தைகள் மலைச்சரிவில் ரேஞ்ச் செய்தன.

இப்படிச் சுற்றுவதையே வேலையாகக் கொண்டவர் ரேஞ்சர். 14-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்து அரசனின் காடுகளைக் காக்கும் அலுவலரை இந்தப் பெயரால் அழைத்திருக்கிறார்கள். எல்லையைச் சுற்றிவந்து, கள்ள வேட்டையைத் தடுத்து, தப்பிப்போன மான்களைத் திருப்பி ஓட்டுவது அவர் வேலை. வனத்துறையின் ரேஞ்சர் நேரடியாக அவர் வாரிசு. தமிழில் அவரை வனச்சரகர் என்றும், அவர் பொறுப்பில் உள்ள பகுதியை வனச்சரகம் என்றும் சொல்கிறோம். அமெரிக்காவில் இந்தச் சொல் படைவீரர்களுக்கும் போனது. கோட்டையில் உட்காராமல் எல்லையில் அலைந்து திரியும் குழுக்களை ரேஞ்சர்ஸ் என்றார்கள். நிலவை நோக்கி நாசா 1961 முதல் 1965 வரை அனுப்பிய விண்கலங்களுக்கும் ரேஞ்சர் என்றே பெயர் வைத்தார்கள். அவற்றில் ரேஞ்சர் 7, 1964 ஜூலை 31 அன்று நிலவில் மோதுவதற்கு முன் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது.

‘ரேஞ்ச் ஓவர்’ என்று ஒரு தொடர் உண்டு. பேச்சு அரசியல், இசை, விளையாட்டு என்று பலவற்றையும் சுற்றிவந்தது என்று சொல்ல ஆங்கிலத்தில் அதைப் பயன்படுத்துவார்கள். நாயும் மந்தையும் செய்ததைப் பேச்சு செய்கிறது.

படி 5: சுற்றும் செயல், சுற்றும் இடமாகிறது

மந்தை எங்கே சுற்றுகிறதோ அந்த நிலத்துக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. மொழிகளில் இது சாதாரணமாக நடப்பது. 17-ஆம் நூற்றாண்டில் ரேஞ்ச் என்றால் மேய்ச்சல் பரப்பு. அமெரிக்க மேற்கில் வேலியே இல்லாத புல்வெளிகளை ‘ஓப்பன் ரேஞ்ச்’ என்றார்கள். யாருடைய மாடும் எங்கும் மேயலாம். 1874-ல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மலிவான வேலி வந்ததும் திறந்த மேய்ச்சல் நிலம் சுருங்க ஆரம்பித்தது. சொல் மட்டும் போகவில்லை. முட்டை அட்டையில் ‘ஃப்ரீ ரேஞ்ச்’ என்று அச்சடித்திருக்கிறார்களே, அந்தக் கோழிகளைக் கூண்டிலேயே அடைத்து வைக்காமல் வெளியே உலவ விடுகிறார்கள் என்று பொருள்.

உயிரியலில் ஓர் இனம் உலகில் எங்கெல்லாம் காணப்படுகிறதோ அந்தப் பரப்பு முழுவதும் அதன் ரேஞ்ச். ஒரு தனி விலங்கு இரை தேடவும் குட்டி வளர்க்கவும் வழக்கமாகச் சுற்றும் பகுதி ‘ஹோம் ரேஞ்ச்’. இதையும் ‘டெரிட்டரி’யையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. வில்லியம் பர்ட் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1943-ல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கினார். விலங்கு சுற்றும் இடம் ஹோம் ரேஞ்ச். அதில் வேறொன்று நுழைந்தால் சண்டைக்கு நிற்கும் பகுதி மட்டுமே டெரிட்டரி. பல விலங்குகளின் ஹோம் ரேஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படியலாம். ரேஞ்சில் ‘என்னுடையது’ என்ற உரிமை கிடையாது. மந்தை காலத்திலிருந்தே அப்படித்தான்.

இந்தப் படியிலேயே ஒரு சின்னப் பொறி. அமெரிக்க நில ஆவணங்களில் வரும் ரேஞ்ச் மேய்ச்சல் நிலம் அல்ல. 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி நாட்டை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளந்தார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் அளவில் 36 பிரிவுகள். வடக்கு தெற்காக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய டவுன்ஷிப்களின் நெடுவரிசைக்குத்தான் ரேஞ்ச் என்று பெயர். ஒஹாயோவின் கிழக்குப் பகுதியில் முதலில் அளந்த ஏழு நெடுவரிசைகளை ‘செவன் ரேஞ்சஸ்’ என்றே சொல்கிறார்கள். பரப்பு என்று நினைத்து வாசித்தால் குழப்பும், வரிசை என்று வாசித்தால் பொருந்தும்.

படி 6: இடத்துக்கு எல்லை உண்டு. எட்டும் தூரம்

சுற்றுவது என்றால் அது எங்கேயோ முடிய வேண்டும். ஆகவே மேய்ச்சல் நிலப் பொருளுக்கும் முன்பே, 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘எவ்வளவு வரை’ என்ற அளவுப் பொருள் முளைத்துவிட்டது. 16-ஆம் நூற்றாண்டின் முடிவில் பீரங்கியும் துப்பாக்கியும் அதைப் பற்றிக்கொண்டன: குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதே ரேஞ்ச். அந்தத் தூரத்தை வைத்துச் சுட்டுப் பழகும் திடலுக்கு அதே பெயர் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. கோல்ஃப் பழகும் ‘டிரைவிங் ரேஞ்ச்’ அதன் தம்பி. காரோட்டும் இடம் என்று எண்ணிப் போய்விடாதீர்கள்.

இயற்பியல் பாடப் புத்தகத்தில் எறிபொருளின் ரேஞ்சைக் கிடைத்தள நெடுக்கம் என்கிறார்கள். நல்ல சொல். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் 45 பாகையில் எறியும்போது நெடுக்கம் அதிகம். 30 பாகையில் எறிந்தாலும் 60 பாகையில் எறிந்தாலும் ஒரே நெடுக்கம்தான், உயரம்தான் வேறுபடும்.

தூரம் என்ற பொருள் வந்ததும் தூரத்தை அளப்பதற்கும் அதே சொல் வினையானது. ரேடார் என்பது ஒரு சொல் அல்ல, முதலெழுத்துகளின் கூட்டு. அதன் கடைசி எழுத்து ‘ரேஞ்சிங்’ என்பதிலிருந்து வருகிறது. அமெரிக்கக் கடற்படை 1940-ல் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நீருக்கடியில் ஒலியால் அளக்கும் சோனாரின் கடைசி எழுத்தும், லேசரால் அளக்கும் லைடாரின் கடைசி எழுத்தும் இதே ரேஞ்சிங்தான். மூன்றின் வேலையும் ஒன்று: அலையை அனுப்பு, எதிரொலி திரும்பும் நேரத்தைப் பார், பாதியாக்கு, அலையின் வேகத்தால் பெருக்கு. ரேடார் எதிரொலி ஒரு மைக்ரோ வினாடியில் திரும்பினால் பொருள் ஏறக்குறைய 150 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அப்பல்லோ 11 வீரர்கள் 1969-ல் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பானுக்கு லேசர் அனுப்பினால் அது திரும்பிவர இரண்டரை வினாடி. இந்த லேசர் ரேஞ்சிங் மூலம்தான் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப்போவது தெரிந்தது.

கேமராவில் ‘ரேஞ்ச்ஃபைண்டர்’ என்ற வகையும் இந்தக் குடும்பம். 1932-ல் வந்த லைகா II-இல் தூரம் அளக்கும் அமைப்பை லென்ஸோடு இணைத்திருந்தார்கள். இரட்டையாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரியாகிவிடும்.

வாகனங்களுக்கு வருவோம். விமானத்தின் ரேஞ்ச் என்றால் நிரப்பிய எரிபொருளில் போகக்கூடிய மொத்தத் தூரம், திரும்பி வருவதைச் சேர்க்காமல். போர் விமானங்களுக்கு ‘காம்பாட் ரேடியஸ்’ என்று தனியாக ஒன்று சொல்வார்கள். போய், வேலை முடித்து, திரும்பி வரக்கூடிய தூரம் அது. ரேஞ்சில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். இரண்டையும் குழப்பி எழுதும் செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. மின்சாரக் காரின் ரேஞ்சும் ஒரு வழித் தூரம்தான். அது சோதனைக் கூடத்தில் ஒரு குறிப்பிட்ட முறைப்படி ஓட்டி எடுத்த எண். ஐரோப்பாவில் 2017 முதல் பழைய என்இடிசி முறைக்குப் பதில் டபிள்யூஎல்டிபி வந்தது. புது முறை நிஜச் சாலைக்குக் கொஞ்சம் நெருக்கமானது என்பதால் அதே கார் புது முறையில் குறைவான எண்ணையே காட்டும்.

படி 7: எண்களுக்குள் நுழையும்போது கவனம்

கணிதத்தில் ரேஞ்ச் இரண்டு வெவ்வேறு பொருள்களில் வருகிறது. மாணவர்கள் திணறுவது இங்கேதான்.

புள்ளியியலில் ரேஞ்ச் ஓர் எண். மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் கிடைப்பது, பாடநூலில் வீச்சு. 34, 36, 37, 39, 41 என்ற தரவுக்கு வீச்சு 7. கடைசியில் 92 என்று ஒன்றைச் சேருங்கள், வீச்சு 58 ஆகிவிடும். ஒரே ஒரு விலகிய எண் மொத்தத்தையும் ஆட்டிவிடுகிறது. அதனால்தான் நடுவில் இருக்கும் பாதித் தரவை மட்டும் பார்க்கும் கால்மான இடைவீச்சையும் கூடவே சொல்வார்கள்.

சார்புகளில் ரேஞ்ச் எண் அல்ல, ஒரு கணம். சார்பு உண்மையிலேயே தரும் மதிப்புகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு, பாடநூலில் வீச்சகம். மெய்யெண்களை வர்க்கமாக்கும் சார்பில் குறை எண் ஒருபோதும் வராது, ஆகவே வீச்சகம் சுழியும் மிகை எண்களும் மட்டும். துணை மதிப்பகம் என்பது வேறு: மதிப்புகள் விழலாம் என்று நாம் முன்கூட்டியே விரித்துவைக்கும் கணம். பழைய ஆங்கிலப் புத்தகங்கள் சிலவற்றில் துணை மதிப்பகத்தையே ரேஞ்ச் என்று எழுதியிருப்பார்கள். ஆகவே புத்தகத்தின் வரையறையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, அலைகளைப் பற்றிய தமிழ்ப் பாடத்தில் வீச்சு என்றால் அது ரேஞ்ச் அல்ல, ஆம்ப்ளிட்யூட். நடுநிலையிலிருந்து உச்சம் வரை உள்ள அளவு.

நிரலாக்கத்தில், பைத்தான் என்ற கணினி மொழியின் ‘ரேஞ்ச்’ கட்டளை எண்களின் வரிசையைத் தரும். மூலப் பொருளுக்கே திரும்பிவிட்டது. ஆனால் 1 முதல் 10 என்று கேட்டால் 9-லேயே நின்றுவிடும். தொடக்கம் சேரும், முடிவு சேராது. இது அடாவடி போலத் தோன்றினாலும் காரணம் உண்டு. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் எத்தனை எண்கள் என்பது நேராகக் கிடைத்துவிடும், அடுத்த தொடர் இந்தத் தொடர் முடிந்த இடத்திலேயே ஆரம்பிக்கும். கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-ல் எழுதிய குறிப்பு ஒன்றில் இப்படி எண்ணுவதுதான் சரி என்று வாதாடினார். எக்செல்லில் அப்படியில்லை, ஏ1 முதல் ஏ10 வரை என்றால் இரண்டு முனையும் சேர்த்துப் பத்துக் கட்டங்கள். மின்னஞ்சலில் யாராவது தேதிகளின் ‘ரேஞ்ச்’ கொடுத்தால் கடைசி நாள் சேருமா சேராதா என்று கேட்டுவிடுங்கள். சொல் அதைச் சொல்லாது.

ஒலிக்கும் இதே முறைதான். மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். இரண்டு முனைகளும் அவற்றுக்கு இடைப்பட்டதும் அதன் ரேஞ்ச். பாடகருக்கு எட்டும் மிகத் தாழ்ந்த சுரத்திலிருந்து மிக உயர்ந்த சுரம் வரை குரலின் ரேஞ்ச். எட்டுவது வேறு, சுகமாகப் பாடுவது வேறு. அந்தச் சுகமான பகுதிக்கு இத்தாலிய மொழியிலிருந்து வந்த ‘டெஸ்ஸிடூரா’ என்ற தனிப் பெயர் இருக்கிறது. ‘டைனமிக் ரேஞ்ச்’ என்பது மெல்லியதற்கும் உரத்ததற்கும் உள்ள இடைவெளி. 16 பிட் ஒலிப்பதிவில் அது ஏறக்குறைய 96 டெசிபெல், ஒரு பிட்டுக்கு ஆறு வீதம்.

படி 8: சொந்தக்காரர்களைச் சேருங்கள், போலிகளை விலக்குங்கள்

ஒரு சொல்லின் உறவுகள் தெரிந்தால் அது மறக்காது. ரேஞ்சின் நெருங்கிய உறவு ‘ரேங்க்’. அதே பழைய பிரெஞ்சு ‘ரெங்க்’தான். சதுரங்கப் பலகையில் குறுக்கு வரிசைகளுக்கு இன்றும் ரேங்க் என்றே பெயர். நெடுக்கு வரிசை ஃபைல். படையில் அருகருகே நிற்பது ரேங்க், முன்பின்னாக நிற்பது ஃபைல். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சாதாரணச் சிப்பாய்கள். வரிசையில் யார் எங்கே நிற்கிறார் என்பது மதிப்பையும் சொல்வதால் ரேங்க் ‘தகுதி நிலை’ ஆயிற்று. தமிழில் ‘அவர் ரேஞ்சே வேற’ என்னும்போது நாம் ஆங்கில ரேஞ்சை இந்த ரேங்க் பக்கம் தள்ளிவிட்டோம். ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் புரியாது. ஆனால் குடும்பத்துக்குள்ளேயேதான் தள்ளியிருக்கிறோம்.

‘அரேஞ்ச்’ என்றால் வரிசையாக்கு. ஆங்கிலத்தில் முதலில் போருக்கு அணிவகுப்பதையே குறித்தது. பூக்களும் புத்தகங்களும் பிறகுதான். ‘டீரேஞ்ச்டு’ என்றால் வரிசை குலைந்தவர், அதாவது சித்தம் கலங்கியவர். ‘ராஞ்ச்’ என்ற பண்ணைச் சொல் பிரெஞ்சிலிருந்து ஸ்பானிய மொழிக்குப் போய், தங்குமிடம் என்ற பொருளோடு அமெரிக்கா வந்து சேர்ந்தது. ஆக, அமெரிக்க மேற்கில் ராஞ்சும் ரேஞ்சும் பல நூற்றாண்டு கழித்து ஒரே புல்வெளியில் சந்தித்துக்கொண்டன.

போலிகளும் உண்டு. மணி அடிக்கும் ‘ரிங்’ இந்தக் குடும்பம் இல்லை, அது ஒலிக்குறிப்பில் பிறந்தது. நாற்றத்தைச் சொல்லும் ‘ரேங்க்’ பழைய ஆங்கிலத்தில் செருக்கு, வலிமை என்ற பொருளில் இருந்த வேறு சொல். ‘ஸ்ட்ரேஞ்ச்’ வெளியாள் என்ற லத்தீன் சொல்லிலிருந்தும், ‘கிரேஞ்ச்’ தானியம் என்ற லத்தீன் சொல்லிலிருந்தும் வந்தவை. ‘ஆரஞ்ச்’ எழுத்தில் மட்டும் ரேஞ்சைச் சுமந்துகொண்டிருக்கிறது. அது சமஸ்கிருத நாரங்கம், பாரசீகம், அரபு என்று பயணப்பட்டு ஐரோப்பா சேர்ந்தது. வழியில் முன்னால் இருந்த ‘ந’ உதிர்ந்தது. அதன் ஆதிமூலம் திராவிட மொழி, நம் நாரத்தை அதன் உறவு என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

படி 9: வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பது

பக்கத்தில் நிற்கும் சொல்தான் துப்பு. முன்னால் ‘விதின்’, ‘அவுட் ஆஃப்’, ‘அட் குளோஸ்’ இருந்தால் அது எட்டும் தூரம். பின்னால் ‘ஆஃப்’ வந்து அதற்கடுத்துப் பன்மைப் பெயர் வந்தால் பெரும்பாலும் பலவகை. ‘ஆன் த’ வந்து பேச்சு மாடு, குதிரை பற்றியதாக இருந்தால் மேய்ச்சல் நிலம். வினையாக வந்து ‘ஃப்ரம் – டு’ தொடர்ந்தால் இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட அளவு. வினையோடு ‘ஓவர்’ வந்தால் சுற்றித் திரிதல். முன்னால் ‘பிரைஸ்’, ‘ஏஜ்’, ‘டெம்பரேச்சர்’ போன்ற அளக்கக்கூடிய பெயர் வந்தால் வரம்பு.

இதில் எதுவும் பொருந்தாவிட்டால் வரிசை என்று ஒருமுறை வைத்துப் பாருங்கள். கப்பல் விளக்கும் நில ஆவணமும் அப்படித்தான் பிடிபட்டன.

படி 10: பக்கத்து வீட்டுச் சொற்களோடு உரசிப் பாருங்கள்

‘ஸ்கோப்’ கிரேக்கத்தில் குறியை, இலக்கைக் குறித்த சொல். இத்தாலிய மொழி வழியாக வந்தது. அதனால் அது ஒரு திட்டமோ விசாரணையோ எதைத் தொடும், எதைத் தொடாது என்பதற்குப் பொருந்தும். இரண்டு முனை அதற்குத் தேவையில்லை. ‘எக்ஸ்டென்ட்’ லத்தீனில் நீட்டு, விரி என்பதிலிருந்து வந்தது. ‘எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது’ என்று கேட்கும்போது அதுதான் சரி: சேதத்துக்கு எக்ஸ்டென்ட் சொல்லலாம், ரேஞ்ச் சொல்ல முடியாது. ‘ஸ்பான்’ விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை உள்ள நீளம், நம் சாண் போல. பாலத்துக்கும் ஆயுளுக்கும் ஏற்றது. ‘ஸ்கேல்’ லத்தீனில் ஏணி, ஆகவே அதில் படிகள் இருந்தாக வேண்டும். ‘ஸ்பெக்ட்ரம்’ தோற்றம் என்ற லத்தீன் சொல். முப்பட்டகம் பிரித்த நிறங்களுக்கு ஐசக் நியூட்டன் 17-ஆம் நூற்றாண்டில் அதைப் பயன்படுத்தினார். படி இல்லாமல் ஒன்று இன்னொன்றாகக் கரைந்து மாறும் இடத்தில் இதைப் போடுவார்கள். ‘கேமட்’ இடைக்கால இசையில் மிகத் தாழ்ந்த சுரத்தின் பெயர். காமா என்ற கிரேக்க எழுத்தும் ‘உட்’ என்ற சுர அசையும் ஒட்டிப் பிறந்தது. பிறகு சுரவரிசை முழுவதற்கும் அதுவே பெயராயிற்று. ஒன்றுவிடாமல் எல்லாம் என்று அழுத்த வேண்டுமானால் ரேஞ்சைவிட இது கனம்.

படி 11: எழுதும்போது மூன்று இடறல்கள்

முதலாவது, ‘பிட்வீன் 5 டு 10’ என்று எழுதுவது. ஃப்ரம் வந்தால் டு, பிட்வீன் வந்தால் அண்ட். கலக்கக் கூடாது.

இரண்டாவது, ‘எ ரேஞ்ச் ஆஃப்’ என்ற தொடருக்கு வினை ஒருமையா பன்மையா என்ற தடுமாற்றம். பொருள்களைத் தனித்தனியாக நினைத்தால் பன்மை இயல்பு. ஒரு தொகுப்பாக, குறிப்பாக ‘த ரேஞ்ச் ஆஃப்’ என்று அளவைச் சொன்னால் ஒருமை.

மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. ‘கவிதை முதல் கணினி வரை’ என்ற பாணியில் ஃப்ரம் – டு போட்டு, இரண்டுக்கும் நடுவில் எந்த வரிசையும் இல்லாமல் எழுதுவது. ஆங்கிலப் பிரதி திருத்துபவர்கள் இதைப் போலி ரேஞ்ச் என்று அடித்துவிடுவார்கள். கைக்குழந்தை முதல் முதியவர் வரை என்றால் நடுவில் வயது இருக்கிறது. சிற்றோடை முதல் பெருங்கடல் வரை என்றால் அளவு இருக்கிறது. கவிதைக்கும் கணினிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை என்றால் ரேஞ்சை எடுத்துவிட்டு ‘இன்குளூட்’ போடுங்கள், வாக்கியம் தானாகச் சரியாகிவிடும்.